நோயாளியின் பங்கு

வைத்தியத்திற்கு உறுப்புக்கள் நான்கு என்பது திருவள்ளுவர் கருத்து. நோயுற்றவர், தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிருந்து துணைசெய்பவர் என்பனவே அவை. இவற்றுள் நோயுற்றவரை அவர் முதலில் வைத்தமை சிந்திக்கத்தக்கது. நோயாளியும் வைத்தியத்தில் ஓர் உறுப்பாயின், அவருக்கும் ஒரு கடமை உளதன்றோ?

நீரிழிவு, குருதி அமுக்கம் போன்ற நீடித்த நோய்களிலே இக்கடமை தெளிவாகப் புலப்படும. நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் கிளினிக் நாளன்று விடியற்காலையிலேயே கொப்பியுங் கையுமாகக் காத்திருப்போர் பலர். ஆயினும் வைத்தியர் முன் அவர்கள் இருப்பது சில நிமிடங்களே. மாதத்தின் எஞ்சிய பொழுதெல்லாம் நோயைப் பராமரிப்பவர் நோயாளியேயாவர்.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் அமெரிக்க நீரிழிவு வைத்தியரான எலியட் ஜொஸ்லின். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னரே, 1918ஆம் ஆண்டில், வைத்தியருக்கும் நோயாளிக்கும் பொதுவாகப் பயன்படும் கைந்நூலொன்றை அவர் வெளியிட்டார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்னும் மூன்று குதிரைகள் பூட்டிய தேருக்கு நீரிழிவுச் சிகிச்சையைப் பின்னர் அவர் ஒப்பிட்டார். அத்தேரை நாடோறும் செலுத்த வேண்டியவர் நோயாளியே. செலுத்தும் முறையை அறியாவிடின் தேர் என்னாகும்?

அறியாமையால் விளையுங் கேடுகள் சில உள. குருதி அமுக்கம் பெரும்பாலும் வலியோ வேறு குறியோ காட்டுவதில்லை. ஆதலின், "சுகமாயிருக்கிறதே" என்று குளிசையைத் தாமாகவே நிறுத்துவோர் உளர். பாரிசவாதமும் சிறுநீரக நோயும் அவர்களைச் சொல்லாமலே வந்தடையக்கூடும்.

வேறு சிலர் கிளினிக்குக்கு முந்திய இரண்டொரு நாள் மாத்திரம் இனிப்பையுஞ் சோற்றையுங் குறைத்து, இரத்தப் பரிசோதனையில் நல்ல பெயர் வாங்க முயல்வர். எச்.பி.ஏ.1.சி எனப்படும் சோதனையோ ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி நிலையைக் காட்டிவிடும். ஏமாறுபவர் வைத்தியரல்லர்.

விரத நாட்களிலே உணவை விலக்கி, இன்சுலினை வழக்கம்போல ஏற்றுவது மிகவும் ஆபத்தானது. வியர்வை, நடுக்கம், கடும்பசி, மயக்கம் என்பன சீனி குறைந்தமைக்கு அறிகுறிகள். அறிவு தெளிவாயிருப்பவருக்கு மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே கொடுத்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். விரதமிருக்க விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் நன்று.

ஆகவே, கிளினிக்குக்குச் செல்பவர் சில கேள்விகளைக் கடதாசியில் எழுதிச் செல்லட்டும். இக்குளிசை எதற்கு? உணவுக்கு முன்னோ, பின்னோ? ஒரு வேளை தவறினால் செய்வதென்ன? எக்குறி கண்டால் உடனே வரவேண்டும்? பெற்ற விடையைத் தம் சொல்லிலே திருப்பிச் சொல்லிக் காட்டின், பிழையாக விளங்கியது அங்கேயே திருத்தப்படும். மொழி விளங்காவிடின், அறிந்த ஒருவரைத் துணைக்கழைப்பதில் இழுக்கில்லை. நாட்டுமருந்து உண்பதையும், குளிசையைத் தவறவிட்டதையும் மறையாது கூறல் வேண்டும்.

கேள்வி கேட்டல் வைத்தியரை மதியாமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். அக்கருத்துத் தவறானது. கேளாமல் வீடு திரும்புபவர் மருந்தைப் பெறுகின்றார். கேட்டறிந்து திரும்புபவர் மருந்தோடு அதன் பயனையும் பெறுகின்றார்.