ஒரு சேலை எடை

தேசூரிலும் ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் நெசவாளர் கைக்குப் போகும். நெய்த சேலை திரும்பும்போதும் தராசில் ஏறும். குதிரைப் பந்தயத்திலும் இதே வழக்கம்தான். ஓட்டத்துக்கு முன் ஜாக்கி சேணத்தோடு எடை மேடையில் ஏறுவார். ஓடி முடித்ததும் மறுபடி ஏறுவார். எடை குறைந்தால் முதலில் வந்த குதிரையும் வெற்றியை இழக்க நேரும்.

இவ்வளவு கறார் ஏன்? முந்தைய ஓட்டங்களைப் பார்த்து ஒவ்வொரு குதிரைக்கும் ஒருவர் புள்ளி போடுகிறார். அவர் பெயர் ஹேண்டிகாப்பர். வலுத்த குதிரைக்கு அதிகச் சுமை, நலிந்ததற்குக் குறைந்த சுமை. இந்தச் சமனாக்கும் சுமைதான் 'ஹேண்டிகாப்'. இந்தியாவில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு செருகுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நொடியில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே ஹேண்டிகாப்பரின் கனவு!

அரை கிலோவால் என்ன ஆகிவிடும்? அது இலேசான ஒரு பட்டுச்சேலையின் எடை. ஆனால் ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு வேலிகளைத் தாண்டி ஓடும் 'ஸ்டீப்பிள்சேஸ்' பந்தயத்தில், அது ஏறக்குறைய ஒரு குதிரை நீளம், அதாவது சுமார் எட்டு அடி என்பது அனுபவக் கணக்கு. ஒரு சேலையைக் கூடுதலாகச் சுமந்தால் எட்டு அடி பின்தங்கும். 1752இல் அயர்லாந்தில் இருவர் ஒரு தேவாலயக் கோபுரத்திலிருந்து இன்னொன்றை நோக்கிக் குதிரையை விரட்டியதாகச் சொல்வார்கள். கோபுரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே 'ஸ்டீப்பிள்சேஸ்' என்ற பெயர்.

சுமையும் பழைய ஓட்டங்களும் ஊரறிந்த கணக்கு. அதற்கு எதிரே நிற்பது லாயத்துக்குள்ளிருந்து கசியும் ரகசியம்: 'அந்தக் குதிரை இன்று கட்டாயம் ஜெயிக்கும்.' இரண்டில் எதை நம்புவது? அந்த ரகசியத்தையே எடை போட ஒருவர் வழி கண்டார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒரு குதிரைக்கு 'ஒன்றுக்கு நான்கு' என்று விலை சொன்னால், அது வெல்லும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று, நூற்றுக்கு இருபது என்று பொருள். ஓடும் எல்லாக் குதிரைகளின் வாய்ப்பையும் கூட்டினால் நூறுதான் வர வேண்டும். புக்கியின் பலகையிலோ நூற்றைத் தாண்டும். மிகுதி முழுவதும் லாபம் என்று நினைப்போம். 1990களின் தொடக்கத்தில் பொருளியலாளர் ஹியூன் சொங் ஷின் அதில் பயத்தையும் கண்டார். பணம் கட்டும் கூட்டத்தில் ரகசியம் தெரிந்தவர் யார் என்று புக்கிக்குத் தெரியாது. யாரும் மதிக்காத குதிரையின் மேல் அவர் கட்டிவிட்டால் இழப்பு மிகப் பெரிது. ஆகவே அத்தகைய குதிரைகளின் பரிசை முன்கூட்டியே குறைத்துவிடுகிறார். குதிரைகள் கூடக் கூட ரகசியம் ஒளிந்துகொள்ளும் இடங்களும் கூடும், மிகுதியும் ஏறும். அந்த ஏற்றத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்ட ஷினுக்குக் கிடைத்த விடை: ரகசியம் தெரிந்த உள்ளாள் கட்டும் பணம் நூறு ரூபாய்க்குச் சுமார் இரண்டு.

அந்த இரண்டு ரூபாய்க்கு அஞ்சி எழுதிய விலையில்தான் மற்ற 98 ரூபாயும் விளையாடுகிறது. நம் காதுக்கு எட்டும் முன்பே ரகசியம் விலையில் கரைந்திருக்கும். நான் சுமைக் கணக்கின் பக்கம். கிண்டி பந்தயம் தொடர்பான வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றமும் குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டமல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்றே தீர்ப்பளித்தது.

ஆனால் வேலிகள் யார் கணக்குக்கும் கட்டுப்படுவதில்லை. 1967இல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில், 23ஆவது வேலியருகே குதிரைகள் ஒன்றோடொன்று மோதிக் குவிந்தன. வெகு பின்னால் வந்த ஃபோய்னவான், இடைவெளி பார்த்து வேலியைத் தாண்டி வென்றது. புக்கிகள் தந்த விலை ஒன்றுக்கு நூறு. அதன் பயிற்சியாளர் அன்று அங்கே இல்லவே இல்லை. ஊஸ்டர் திடலில் வேறொரு குதிரையில் சவாரி செய்துகொண்டிருந்தார்.