பள்ளிப் பேருந்தும் டீசல் புகையும்

வண்டிக்குள் வரும் புகை

டீசல் பேருந்தின் புகை பின்னால் வருகிறவர்களுக்குத்தான் கேடு என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. 2001-ல் கலிபோர்னியாவில் ஓடும் பள்ளிப் பேருந்துகளுக்குள் அளந்து பார்த்தார்கள். முன்னால் போகும் காரில் இருப்பவர் சுவாசிப்பதைப்போல நான்கு மடங்கு வரை டீசல் புகை பேருந்துக்குள் இருந்தது. புகைக்குழாயிலிருந்து வெளியேறுவது கதவு வழியாகவும் பின்பக்க இடுக்குகள் வழியாகவும் திரும்ப உள்ளே வருகிறது. எஞ்சினின் அடிப்பகுதியில் கசியும் எண்ணெய்ப் புகை இன்னொரு வழி. முன்பக்கம் எஞ்சின் உள்ள பழைய வண்டிகளில் பானட் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் புகை ஓட்டுநர் பக்கத்திலேயே கிளம்பும். இடம் போதாதபோது சிறு பிள்ளைகளை ஏற்றி உட்காரவைப்பதும் அதே பானட்டின் மேல்தான்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் டீசல் புகையை, புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் முதல் பிரிவில், புகையிலையோடு சேர்த்தது. பள்ளி வயதில் கண்ணுக்குத் தெரியும் கேடு புற்றுநோய் அல்ல. விடாத இருமல், இளைப்பு, அடங்கியிருந்த ஆஸ்துமா கிளம்புதல் ஆகியவைதான் முதலில் தெரிகின்றன. நுரையீரல் வளர்ச்சி குறைவது வெளியே தெரியாமல் நடக்கிறது. காற்றிலுள்ள 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு உலக சுகாதார அமைப்பு 2021-ல் பரிந்துரைத்த ஆண்டு சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். 2009-ல் வகுத்த இந்தியத் தரம் 40. ‘காற்று தரத்துக்கு உட்பட்டே இருக்கிறது’ என்ற செய்தியைப் படிக்கும்போது இந்த எட்டு மடங்கு இடைவெளியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டெல்டாப் பாதைகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து வருகிறார்கள். வண்டி வாய்க்கால் கரையிலும் ஒற்றைத் தார்ச்சாலையிலும் ஊர் ஊராகச் சுற்றுகிறது. முதலில் ஏறும் பிள்ளைதான் கடைசிவரை உள்ளே இருக்கும். பெரும்பாலும் அதுவே வயதில் சிறியதாகவும் இருக்கும். தாழ்ந்த கியர், அடிக்கொரு நிறுத்தம், ரயில்வே கேட்டில் காத்திருப்பு எல்லாம் புகையைக் கூட்டும். குறுவை அறுவடையிலும் தை, மாசியில் சம்பா அறுவடையிலும் கொள்முதல் நிலையங்களுக்குப் போகும் நெல் லாரிகளும் டிராக்டர்களும் அதே சாலையில் வரும். மார்கழிக் காலையில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால் புகை மேலே எழும்பிக் கலையாது. பள்ளி வேன் ஏறும் நேரமும் அதுதான்.

தனியார் பள்ளிகளின் சிக்கல் மட்டுமல்ல இது. இலவசப் பயண அட்டையோடு அரசு டவுன் பஸ்ஸில் படிக்கட்டுவரை நெருக்கி நிற்கும் பிள்ளைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். அவர்களுக்காகப் பேசப் பள்ளி நிர்வாகமும் இல்லை.

மூன்று சிரப் தாண்டி வரும் இருமல்

மருத்துவரிடம் வரும்போது பிள்ளையின் இருமலுக்கு வயது ஒன்றரை மாதம். அதற்குள் மருந்துக்கடையில் மூன்று சிரப், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கில் மிச்சம், ஒரே நாளில் இளைப்பை அடக்கிய பெயர் தெரியாத சிறு மாத்திரை என்று எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் சிறு மாத்திரை பெரும்பாலும் ஸ்டீராய்டு. அளவறியாமல் அடிக்கடி கொடுத்தால் வளர்ச்சியையும் நோய் எதிர்ப்பையும் கெடுக்கும். நோயின் தடயத்தையும் மறைத்துவிடும்.

சிரப் விஷயத்தில் இனியாவது அச்சம் வர வேண்டும். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்ற இருமல் சிரப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அங்கே பல குழந்தைகளுக்கு அதை எழுதிக்கொடுத்தது மருத்துவர்தான். எழுதிக்கொடுத்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், கடையில் கேட்டு வாங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மத்திய அரசு அந்த அக்டோபரிலேயே அறிவுறுத்தியது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய தடயம் ஒன்று உண்டு. கோடை விடுமுறையிலும் அரையாண்டு விடுமுறையிலும் தணியும் இருமல், பள்ளி திறந்த வாரத்திலேயே திரும்பினால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். நெல் தூசியும் வைரஸ் காய்ச்சலும்கூட இப்படி இருமலைக் கிளப்பலாம். பிரித்தறிவது மருத்துவர் வேலை. தேவைப்பட்டால் மூச்சு ஊதும் சோதனையும் மார்பு எக்ஸ்-ரேயும் எடுப்பார்கள்.

நம்பிக்கையும் நிலவரமும்

கரும்புகை வராத வண்டி நல்ல வண்டி என்பது முதல் தவறு. நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள்களைக் கண்ணால் பார்க்க முடியாது. நைட்ரஜன் ஆக்சைடும் அப்படித்தான், அதற்குக் கரி நிறம் கிடையாது. மாசுச் சான்றிதழை நம்புவதும் இதே வகை. டீசல் வண்டிக்கான அந்தச் சோதனை, நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்று பார்ப்பது. நுண்துகளை அது எண்ணுவதில்லை, வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் இல்லை.

ஏசி பஸ் என்றால் கவலை இல்லை என்பார்கள். ஏசி உள்காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது. பானட்டில் கசிவு இருந்தால் மூடிய ஜன்னல் புகையைப் பூட்டி வைக்கும். கலிபோர்னியாவில் நடந்த அளவீடுகளிலும் ஜன்னல்களை மூடியபோதுதான் வண்டியின் சொந்தப் புகை உள்ளே கூடியது. அதற்காக லாரிக்குப் பின்னாலும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்வதாகாது. அங்கே இடைவெளி விட்டு ஓட்டுவதுதான் வழி.

முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் சாலைப் புழுதியை ஓரளவு தடுக்கும், டீசல் துகளைத் தடுக்காது. பெரியவர்களுக்கான என்-95 பிள்ளை முகத்தில் பொருந்தாது. கன்னத்தின் ஓரமாகக் காற்று உள்ளே போகும்.

அரிசி ஆலையில் வேலை செய்பவர்கள் தூசிக்கு வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுவது பழைய வழக்கம். அந்தப் பழக்கம் இப்போது பள்ளிப் பையிலும் ஏறியிருக்கிறது. சாப்பாடு போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு. வாழைப்பழம் பசிக்கு நல்லது, அவ்வளவுதான்.

கெடுதல் செய்யும் வைத்தியங்களை இப்படிச் சிரித்து ஒதுக்க முடியாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியா வரும். கற்பூரம் சிறு குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும். கொதிக்கும் பாத்திரத்தில் ஆவி பிடிக்கவைத்து வெந்துபோய் வரும் பிள்ளைகளும் உண்டு. இளைப்பு உள்ள வீட்டில் மாலையில் சாம்பிராணி போடுவது, காலையில் பஸ் செய்ததையே திரும்பச் செய்வது.

இன்ஹேலர் ‘பழகிவிடும்’ என்ற பயம் இவை எல்லாவற்றையும்விடப் பொல்லாதது. அது பழக்கமாக்கும் மருந்தல்ல. மிகக் குறைந்த அளவு மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிடப் பாதுகாப்பானது. இரண்டு வாரத்தில் இருமல் நின்றதும் தாமாகவே நிறுத்திவிட்டு, மழைக்காலத்தில் மூச்சு முட்டும் நிலையில் பிள்ளையைத் தூக்கி வருவது வருடந்தோறும் நடக்கிறது.

பள்ளிகளிடமும் பெற்றோரிடமும்

முதல் வேண்டுகோள் மிக எளியது: நிற்கும் வண்டியின் எஞ்சினை நிறுத்துங்கள். மாலை நாலு மணிக்குப் பள்ளி வாசலில் வண்டிகள் முட்டி முட்டி நிற்கின்றன. முன் வண்டியின் புகை பின் வண்டியின் ஜன்னலில் நுழைகிறது. பேட்டரி பலவீனம், செல்ஃப் எடுக்காது என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அப்படியானால் பேட்டரியை மாற்ற வேண்டியது நிர்வாகத்தின் கடமை. ஏர் பிரேக்கில் காற்று ஏறவும் எஞ்சின் சூடாகவும் சில நிமிடம் போதும், அரைமணி வேண்டாம். வீணாகும் டீசலும் மணிக்கு இரண்டு லிட்டர் அளவு. வண்டிகளைச் சாய்வாக நிறுத்தினாலே புகைக்குழாய் அடுத்த ஜன்னலைப் பார்க்காது.

பானட்டில் பிள்ளைகளை உட்காரவைக்காதீர்கள். அதன் ரப்பரையும் புகைக்குழாயின் இணைப்புகளையும் பள்ளி திறக்குமுன் மாற்றுங்கள். நீண்ட பாதைக்குப் புதிய வண்டியையும் குறுகிய பாதைக்குப் பழையதையும் விட, காசு எதுவும் வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் துகள் வடிகட்டி உண்டு. அதற்கு முந்தைய வண்டிகளில் பொதுவாக இல்லை. அந்த வடிகட்டியைத் தொல்லை என்று கழற்றிவிட்டால் புது வண்டியும் பழசுதான். புகை சுத்திகரிப்புக்கு ஊற்ற வேண்டிய தூய யூரியா கரைசலுக்குப் பதில் வயலுக்கு வாங்கிய உர யூரியாவைக் கரைத்து ஊற்றினால் அந்தக் கருவியே பாழாகும்.

பலன் உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்காவின் சியாட்டில் பகுதி பதில் சொல்கிறது. அங்கே பேருந்துகளுக்குச் சுத்தமான எரிபொருளும் வடிகட்டிகளும் வந்தபின் பிள்ளைகளின் நுரையீரல் அழற்சி குறைந்ததையும், பள்ளிக்கு வராத நாட்கள் குறைந்ததையும் 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கே பலன் கூடுதல்.

கும்பகோணத்தில் 2004-ல் 94 பிள்ளைகள் தீயில் போன பிறகுதான் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் இறங்கின. தாம்பரம் அருகே 2012-ல் பேருந்தின் ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. அந்த விதிகளின்படி ஆண்டுதோறும் மே மாத வாக்கில் வண்டிகளை மைதானத்தில் நிறுத்தி, அவசர வழி, தீயணைப்பான், தளப் பலகை என்று பார்க்கிறார்கள். எஞ்சினை ஓடவிட்டுக் கதவை மூடிக் கடைசி இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தும் பாருங்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் கட்டணத்தைப் பற்றி எழுகிற குரல் இதற்கும் எழட்டும்.

இளைப்பு உள்ள பிள்ளை வண்டியில் வந்தால்

பானட்டுக்கும் பின்கதவுக்கும் தள்ளி, நடுவில் ஜன்னலோர இருக்கை கொடுக்க வேண்டும். பையில் நிவாரண இன்ஹேலரும் ஸ்பேசரும் இருக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதை வண்டி உதவியாளருக்கு ஒருமுறை செய்து காட்டி வைப்பது நல்லது. மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ இன்ஹேலரைக் கொடுத்தபடியே 108-ஐ அழைக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.