விமானச் சீட்டின் விலை ஒன்று, விற்பவரின் சம்பளம் பல

உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் பலர் இன்று விமானச் சீட்டு விநியோகப் பயிற்சி நெறிகளில் சேருகின்றனர். ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்து முடித்ததும் பிரயாண முகவர் நிலையமொன்றில் வேலை தேடுகின்றனர். அப்போது வீட்டில் ஒரு கேள்வி எழுகின்றது. பக்கத்துப் பட்டினத்தில் கிடைக்கும் குறைந்த சம்பளத்தை ஏற்பதா? கூடுதலான சம்பளத்துக்குக் கொழும்பு செல்வதா? ஒரே வேலைக்கு இடத்துக்கு இடம் சம்பளம் ஏன் மாறுகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் இக்கேள்விக்கு விடை காண்பது இலகுவாகும்.

முகவரின் வருமானம் எங்கிருந்து வருகிறது?

முன்னொரு காலத்தில் விமானக் கம்பனிகள் சீட்டு விலையில் ஒரு பங்கைத் தரகாக முகவருக்குக் கொடுத்தன. அமெரிக்காவில் உள்நாட்டுச் சீட்டுக்கு நூற்றுக்குப் பத்து என்பது வழக்கமாக இருந்தது. 1995இல் டெல்டா விமானக் கம்பனி, ஒரு சீட்டுக்கு எவ்வளவு தரகு என்பதற்கு உச்ச எல்லை விதித்தது. 2002இல் அடிப்படைத் தரகையே நிறுத்தியது. ஏனைய பெரிய கம்பனிகளும் அவ்வழியே சென்றன. காலப்போக்கில் உலகின் பல பாகங்களிலும் தரகு சுருங்கியது. எனவே இன்று முகவர் நிலையங்கள் வாடிக்கையாளரிடம் அறவிடும் சேவைக் கட்டணம், சுற்றுலாப் பொதிகள், விடுதி ஒதுக்கீடு, காப்புறுதி, விசா விண்ணப்பம் நிரப்புதல் முதலியவற்றையே பெரிதும் நம்பியிருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டுநாயக்காவிலிருந்து லண்டனுக்கான சீட்டின் விலையை விமானக் கம்பனி கணினியில் நிர்ணயிக்கின்றது. கொழும்பில் வாங்கினாலும் மன்னாரில் வாங்கினாலும் அந்த அடிப்படை விலை ஒன்றே. ஆகவே ஒரு சீட்டில் முகவருக்குக் கிடைப்பது இடத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது வேறு மூன்று விடயங்களே: நாளொன்றுக்கு எத்தனை சீட்டுகள் விற்கின்றன, எவ்வகையான வாடிக்கையாளர் வருகின்றனர், அந்த வேலைக்கு எத்தனை பேர் போட்டியிடுகின்றனர்.

ஊருக்கு ஊர் வேறுபடும் வேலை

கொழும்பில் கம்பனிகளும் தூதரகங்களும் பெரிய நிறுவனங்களும் உள்ளன. அவற்றின் பிரயாணம் வருடம் முழுவதும் நடப்பதால் சிக்கலான பயணங்களைத் திட்டமிடத் தெரிந்தவருக்கு நல்ல மதிப்புண்டு. யாழ்ப்பாணத்தில் கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள உறவினரின் வருகையே பெருமளவு வியாபாரத்தைத் தருகின்றது. அது பாடசாலை விடுமுறைகளையும் திருவிழாக் காலங்களையும் சார்ந்தது. பலாலியிலிருந்து 2019இல் சென்னைக்கு விமானச் சேவை தொடங்கி, 2020இல் நின்று, 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாகியது. கிழக்கில் மத்திய கிழக்குக்கான பயணமும் உம்ரா யாத்திரையும் முக்கியமானவை.

உல்லாசப் பிரயாணிகளை நம்பியிருக்கும் நிலையங்களுக்குப் பருவகாலமும் உண்டு. தென்மேற்குக் கரையோரத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வேலை கூடும். அறுகம்குடா, பாசிக்குடா பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை கூடும். சம்பளத்தின் ஒரு பகுதி தரகாகக் கிடைக்குமாயின் ஏனைய மாதங்களில் கையில் வருவது மெலிந்துவிடும்.

சட்டம் இடத்தைப் பார்ப்பதில்லை

இந்தியாவில் மத்திய அரசின் ஆகக்குறைந்த வேதனம் இடங்களை மூன்று வகுப்பாகப் பிரித்தே நிர்ணயிக்கப்பட்டு வந்துள்ளது. பெருநகருக்கு ஒரு தொகை, சிற்றூருக்கு இன்னொரு தொகை. எமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் முழு நாட்டுக்கும் ஒரே தொகையை விதித்தது. அன்று அது மாதம் 10,000 ரூபா. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆகவும், 2026 ஜனவரி முதல் 30,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இது கொழும்புக்கும் மொனராகலைக்கும் ஒன்றே. இதற்கு மேற்பட்ட தொகையை முதலாளியும் ஊழியருமே பேசித் தீர்க்க வேண்டும். வாழ்க்கைச் செலவு கூடிய இடத்தில் வேலை செய்பவருக்கு அதற்கென மேலதிகப் படி கொடுக்கவேண்டுமெனத் தனியார் துறைக்கு விதி ஏதுமில்லை.

கிராமத்தில் வாழ்க்கை மலிவா?

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் ஒருவர் தமது அடிப்படைத் தேவைகளை நிறைவேற்ற மாதம் எவ்வளவு வேண்டும் என்பதை மாவட்டவாரியாக வெளியிட்டு வந்துள்ளது. இதனை வறுமைக்கோடு என்பர். இதில் கொழும்பு வழமையாக மேலேயும் மொனராகலை கீழேயும் இருக்கும். ஆனால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அரிசி, மா, மண்ணெண்ணெய், மருந்து ஆகியவை கிராமத்துக்கு வரும்போது மலிந்துவிடுவதில்லை.

2022 நெருக்கடி இதை நன்கு காட்டியது. அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்குள் 69.8 வீதத்தால் உயர்ந்தது. முழு நாட்டையும் உள்ளடக்கிய தேசியச் சுட்டெண் 73.7 வீதத்தால் உயர்ந்தது. கொழும்புக் கணிப்பில் உணவின் பங்கு 28 வீதமாகவும் தேசியக் கணிப்பில் 44 வீதமாகவும் இருந்தமை இதற்கு ஒரு காரணம். உணவு விலை ஏறும்போது சம்பளத்தின் பெரும் பகுதியை உணவுக்குச் செலவிடுபவரே முதலில் அடிபடுகிறார்.

அப்படியானால் கொழும்பு ஏன் செலவு கூடிய இடமாகத் தெரிகின்றது? முக்கிய காரணம் வாடகை. சொந்த வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அது இல்லை. அறையெடுத்துத் தங்குபவர் அதைச் சுமந்தே தீரவேண்டும்.

ஒரு கணக்கு

கீழே வருபவை விளக்கத்துக்காக மட்டும் எடுத்த தொகைகள். உங்கள் ஊரின் தொகைகளை இட்டுப் பாருங்கள்.

ஒரு யுவதிக்குப் பக்கத்துப் பட்டினத்தில் 45,000 ரூபாவும் கொழும்பில் 65,000 ரூபாவும் கிடைக்கின்றதென வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழிந்தபின் பட்டினத்தில் 41,400, கொழும்பில் 59,800. பட்டினத்தில் பஸ், வீட்டுச் சாப்பாட்டுக்கான பங்கு, தொலைபேசி ஆகியவற்றுக்கு 19,000 போனால் மீதி 22,400. கொழும்பில் அறை, சாப்பாடு, பஸ், தொலைபேசி, மாதம் ஒருமுறை ஊர்ப்பயணம் என 48,000 போனால் மீதி 11,800. சம்பளம் 20,000 கூடியிருந்தும் மிச்சம் 10,600 குறைகின்றது.

மூன்று வருடம் கழித்து அதே கணக்கைப் பார்ப்போம். செலவு மாறவில்லையெனக் கொள்வோம். அனுபவம் பெற்றபின் பட்டினத்தில் 60,000, கொழும்பில் 110,000 என்றால் மீதி முறையே 36,200, 53,200. இப்போது கொழும்பே மேல். ஆகவே முதற் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. பெரிய நிலையத்தில் தொழில் கற்று உயர வாய்ப்புண்டா, அல்லது வருடக்கணக்கில் தொலைபேசிக்குப் பதில் சொல்வதுடன் நின்றுவிடுமா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

இக்கணக்கில் இன்னொரு உண்மையும் மறைந்திருக்கின்றது. பட்டினத்து முதலாளி 45,000 கொடுத்து ஆளை வைத்திருக்க முடிவது ஏன்? அந்தப் பிள்ளையின் கூரைக்கும் சோற்றின் ஒரு பகுதிக்கும் பெற்றோர் பொறுப்பாயிருப்பதாலேயே. குறைந்த சம்பளத்தின் மீதியைத் தாயும் தகப்பனும் செலுத்துகின்றனர். “வீட்டிலிருந்துதானே வருகிறாய்” என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவரிடம் இதை மரியாதையுடன் எடுத்துச் சொல்லலாம். வேலைக்கே சம்பளம், வீட்டுக்கல்ல.

வேலையில் சேருமுன் கேட்கவேண்டியவை

1. நியமனக் கடிதம் எழுத்தில் தரப்படுமா? நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, தரகு எவ்வளவு?

2. சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்துகிறாரா? இவை இரண்டும் உங்கள் சம்பளத்தில் கழிக்கப்படலாகாது.

3. வியாபாரம் குறைந்த மாதத்தில் கையில் என்ன கிடைக்கும்?

4. பிழையாகச் சீட்டுப் பதிந்தால் நட்டம் யாருடையது?

5. நிலையம் வெளிநாட்டு வேலைக்கும் ஆள் அனுப்புகிறதா? அதற்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தனியான அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாத இடத்தில் வேலை செய்பவர், ஏமாற்றப்பட்ட அயலவருக்கு நாளை பதில் சொல்ல நேரிடும்.

உங்கள் இளைஞர் கழகத்திலோ மாதர் சங்கத்திலோ ஒரு மாலை ஒதுக்கி, கொழும்பில் வேலை செய்யும் ஒருவரையும் ஊரில் வேலை செய்யும் ஒருவரையும் அழைத்து, கரும்பலகையில் இரு கணக்கையும் எழுதிப் பாருங்கள். சம்பளத் தொகைக்குக் கீழே கோடிட்டு நிறுத்திவிடாது, மாத முடிவில் கையில் மிஞ்சுவதற்குக் கீழே கோடிடுங்கள்.