சீமை பிரிந்தால் மலைக்கு என்ன?

ஒரு நாடு பெரிய கூட்டமைப்பிலிருந்து விலகுவது பெரிய மனிதர்களின் விவகாரம், கொழுந்துக் கூடை சுமக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் மலையகப் பெண்களின் வாழ்க்கையை இப்படிப்பட்ட விலகல்கள் பலமுறை புரட்டிப் போட்டிருக்கின்றன. வன்னியில் குடியேறி யுத்தத்தில் சிக்கிய மலையகக் குடும்பங்களின் கதையும் இத்தகைய ஒரு பிரிவிலிருந்தே தொடங்குகிறது. எனவே சீமையில் நடந்ததை நாமும் ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது.

சீமையில் நடந்தது

பிரித்தானியா 1973ஆம் ஆண்டு ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. அதுவே பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்தது. ஒன்றிய நாடுகளுக்கிடையே பொருட்களுக்குத் தீர்வை இல்லை. ஒரு நாட்டவர் மற்ற நாட்டில் தடையின்றி வேலை செய்யலாம். அதற்குப் பதிலாக எல்லா நாடுகளும் பொது விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும்.

2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த சர்வசன வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் விலக வேண்டும் என்றும், 48.1 வீதமானோர் இருக்க வேண்டும் என்றும் வாக்களித்தனர். விலகலை விரும்பியவர்கள், "எமது சட்டத்தை நாமே செய்ய வேண்டும், எமது எல்லையை நாமே காக்க வேண்டும்" என்றார்கள். மற்றவர்கள், "பக்கத்துச் சந்தையை இழந்தால் தொழில் குறையும், விலை கூடும்" என்றார்கள். 2020 ஜனவரி 31ஆம் திகதி பிரித்தானியா வெளியேறியது. அவ்வருட இறுதியோடு பழைய வர்த்தக ஏற்பாடுகளும் முடிந்தன. விலகலால் நாட்டின் உற்பத்தித் திறன் நீண்டகாலத்தில் 4 வீதம் குறையும் என்று பிரித்தானிய அரசின் வரவுசெலவை மதிப்பிடும் அலுவலகமே கணித்தது.

இன்னொரு விடயத்தையும் நாம் கவனிக்க வேண்டும. அங்கே பல வருடங்களாக வாழ்ந்து உழைத்த பிரான்ஸ், போலந்து போன்ற நாட்டவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கு இல்லை. ஆனால் பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், அங்கு வசிக்கும் இலங்கையருக்கு வாக்கு இருந்தது. விலகல் முடிந்த பின், ஐரோப்பியர்கள் தாம் வாழ்ந்த வீட்டிலேயே தொடர்ந்து வாழ விண்ணப்பப் படிவம் நிரப்ப வேண்டியதாயிற்று.

இந்தக் கதை எமக்குப் புதிதல்ல

1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுபட்டது. அந்த விடுதலை நியாயமானது. ஆனால் அதே வருடம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நூறு வருடமாகக் காடு வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்டவர்களின் பிள்ளைகள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து பிரதிநிதிகள் பாராளுமன்றம் சென்றார்கள். 1952 தேர்தலில் எம்மவரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கே இருக்கவில்லை.

1949இன் சட்டத்தின் கீழ் படிவம் நிரப்பும்படி சொன்னார்கள். சுமார் எட்டு லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே பிரஜாவுரிமை கிடைத்தது. லயன் காம்பிராவில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்து வைக்காத தாய், அப்பன் பாட்டன் எப்போது வந்தார் என்பதற்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவாள்?

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் செய்யப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக் கொண்டன. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தன. பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அக்கா இந்தியாவிலும் தங்கை இங்கேயுமாக எத்தனை குடும்பங்கள் சிதறின!

1977, 1983 வன்செயல்களில் அடிபட்டவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறினார்கள். பாதுகாப்புத் தேடிப் போன இடத்திலேயே பின்னர் யுத்தமும் வந்தது. நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினைக்குத் தீர்வு தரும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. ஐம்பத்தைந்து வருடம்!

தேயிலையா, தையல் மெசினா?

பிரித்தானியா விலகியபோது, "தேயிலை விலை விழுந்துவிடுமா?" என்ற கேள்வி எழுந்தது. கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் தீர்வை அறவிடுவதில்லை. இலண்டன் தேயிலை ஏலமும் 1998இலேயே மூடப்பட்டுவிட்டது. இன்று எமது தேயிலையைப் பெருமளவில் வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி போன்ற நாடுகள். ஆகவே கொழுந்துக்கு நேரடி அடி பெரிதல்ல.

தையல் மெசினின் கதை வேறு. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். வடக்கிலும் யுத்தத்துக்குப் பின் தொழிற்சாலைகள் வந்தன. எமது ஆடைகளை அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகம் வாங்கும் தனி நாடு பிரித்தானியா. தீர்வைச் சலுகை இல்லாவிட்டால் ஐரோப்பாவில் ஆடைக்கு 12 வீதம் வரை தீர்வை விழும். அந்தச் சலுகையின் பெயர்தான் ஜீ.எஸ்.பி. பிளஸ்.

இந்தச் சலுகை சும்மா கிடைப்பதல்ல. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல், நல்லாட்சி பற்றிய 27 சர்வதேசச் சாசனங்களை நாடு கடைப்பிடிக்க வேண்டும். பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் சாசனமும் சம வேலைக்குச் சம சம்பளம் என்ற சாசனமும் அவற்றுள் அடங்கும். சித்திரவதைக்கு எதிரான சாசனம் உட்பட மூன்று மனித உரிமைச் சாசனங்களை இலங்கை ஒழுங்காக நடைமுறைப்படுத்தவில்லை என்று கூறி, 2010 ஓகஸ்டில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதம் மீண்டும் கிடைத்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஆராயும்படி 2021 ஜூனில் ஐரோப்பியப் பாராளுமன்றம் தீர்மானம் எடுத்தது. 2022இல் அச்சட்டம் ஓரளவு திருத்தப்பட்டது.

பிரித்தானியா பிரிந்த பின் தனக்கென ஒரு திட்டத்தை 2023 ஜூனில் கொண்டுவந்தது. இலங்கை ஆடைகளுக்கு அதிலும் சலுகை உண்டு. ஆனால் 27 சாசனங்களையும் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற முன்நிபந்தனை அதில் இல்லை. உரிமைகள் பாரதூரமாக மீறப்பட்டால் சலுகையை நிறுத்தும் அதிகாரம் மட்டும் உண்டு.

இது நல்லதா, கெட்டதா? இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. சலுகை நின்றால் முதலில் வேலை இழப்பது அமைச்சர் அல்ல, தைக்கும் பிள்ளைதான். ஆகவே தளர்வான விதி அவளது வேலைக்குக் காவல் என்பது ஒரு வாதம். மறுபுறம், காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கும், விசாரணையின்றிச் சிறையிருக்கும் கணவனுக்காக அலையும் மனைவிக்கும் அந்த 27 சாசனங்கள் ஒரு பிடிமானம். முன்பு அந்தப் பிடியை ஒன்றாகப் பிடித்திருந்த நாடுகளில் ஒன்று இப்போது தனிவழி போய்விட்டது. பிடி தளர்ந்தால் இழப்பு அந்தப் பெண்களுக்கே என்பது மற்ற வாதம்.

எம் வாசலில் நடந்த விலகல்

விலகல் நாடுகளுக்கு மட்டும் உரியதல்ல. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தபோது, பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஆயிரம் ரூபா வந்தது என்று நாம் மகிழ்ந்தோம். ஆனால் கூட்டு ஒப்பந்தம் என்பது சம்பளத் தொகை மட்டுமல்ல. எத்தனை கிலோ கொழுந்து, வேலை நாள், தகராறு வந்தால் யாரோடு பேசுவது என்பதெல்லாம் பேசித் தீர்க்கப்பட்ட இடம் அது. அந்த இடம் போன பின், கிலோ கூட்டப்பட்டு, எடுக்க முடியாதவர்களுக்கு அரைப் பேர் விழும் முறைப்பாடுகள் தோட்டம் தோட்டமாக எழுந்தன.

நாம் என்ன செய்யலாம்?

சேர்ந்திருப்பது எல்லாமே நல்லதுமல்ல, பிரிவது எல்லாமே கெட்டதுமல்ல. 1948இன் விடுதலையை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். கூட்டு ஒப்பந்தத்திலும் குறைகள் இருந்தன. ஆனால் எந்த விலகல் வந்தாலும் சில கேள்விகளை நாம் கேட்க வேண்டும். முடிவெடுக்கும் மேசையில் பெண்கள் இருந்தார்களா? பழைய ஒப்பந்தத்தில் எழுதியிருந்த எந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகிறது? அதற்குப் பதிலாக எழுத்தில் என்ன தரப்படுகிறது? புதிய விதிக்கு எந்தப் பத்திரம் தேவை, அது எம் கையில் இருக்கிறதா?

மாதர் சங்கக் கூட்டத்தில் ஒரு நாள் இதைப் பேசுங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, திருமணப் பதிவு, சேமலாப நிதிக் கணக்கு விபரம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை தொழிற்சாலைக்குப் போனால் நியமனக் கடிதத்தின் பிரதியை வீட்டில் வையுங்கள். 1949இல் எம் பாட்டிமாரின் கையில் அந்தப் பை இருக்கவில்லை. எம் பிள்ளைகளின் கையில் அது இருக்கட்டும்.