ரிப்போர்ட் சொல்வது சந்தேகத்தை மட்டும்தான்

கருவுற்ற பத்தாவது வாரத்திலேயே தாயின் ரத்தத்தை எடுத்து, சிசுவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்புண்டா என்று பார்த்துவிடுகிறார்கள். லேப்களில் இதன் பெயர் என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்தில் சிசுவின் செல்களும் உண்டு. ஆனால் அவை மிக அரிது. முந்தைய கர்ப்பத்தின் செல்களே பல ஆண்டுகள் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே இன்று பரவலாக நடக்கும் பரிசோதனை, 1997இல் விஞ்ஞானி டென்னிஸ் லோ குழுவினர் கண்டறிந்த வழியில், ரத்தத்தில் கலந்திருக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படிக்கிறது. அவை பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்ந்தவை.

நஞ்சுக்கொடியில் உள்ள கோளாறு குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். கணக்கையும் பாருங்கள்: ஆயிரம் கர்ப்பங்களில் ஒன்றில் வரும் கோளாறு என்று வையுங்கள். பரிசோதனை ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டுகிறது என்றும் வையுங்கள். அப்போதும் 'ஹை ரிஸ்க்' என்று வந்த இருவரில் ஒருவரின் குழந்தைக்கு அந்தக் கோளாறு இருக்காது! அரிய கோளாறுகளில் நிலைமை இன்னும் மோசம்; அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2022இல் இதைப் பற்றி எச்சரித்தது. உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரைச் சோதிக்க வேண்டும். அதில் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. அதற்கு முன் கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். அவகாசம் இருக்கிறது: சிசுவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தால், இரு மருத்துவர்களின் கருத்துடன் 24 வாரம் வரை இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது; அதன் பிறகு மருத்துவ வாரியம் முடிவு செய்யும்.

அதே ரத்தத்தில் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வாயாலோ சைகையாலோ யாரும் சொல்லக் கூடாது. சொன்னாலும் கேட்டாலும் முதல் முறை மூன்றாண்டு வரை சிறை. கேட்பவருக்கு அபராதம் 50,000 ரூபாய் வரை. கர்ப்பிணியை இதற்குக் கணவரோ உறவினரோ வற்புறுத்தியதாகவே, மாறாக நிரூபிக்கப்படும்வரை, சட்டம் கருதும். மாமியார் வீட்டு நெருக்கடி தெரிந்தவர்கள் எழுதிய பிரிவு போலும்.

பக்க விளைவுகளை விளக்கி, உங்களுக்குப் புரியும் மொழியில் எழுத்துபூர்வச் சம்மதம் வாங்குவதும் அதன் நகலைத் தருவதும் பரிசோதனை மையத்தின் கடமை. ஆங்கிலப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். மையத்தின் பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். மீறல் கண்டால் மாவட்டத்தின் உரிய அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். அவர் அசையாவிட்டால், குறைந்தது 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றம் போகலாம்.