சொளவிலிருந்து சோலாருக்கு எத்தனை தூரம்?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் பெண் பார்க்கப் போகிறவர்கள் "பொண்ணுக்கு பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்ட காலம் உண்டு. நகை எத்தனை பவுன் என்று கேட்பதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். பீடி சுற்றத் தெரிந்தவள் என்றால் பாஸ்புக் வைத்திருப்பாள், வாரச் சம்பளம் கொண்டுவருவாள், பிள்ளை பெற்ற பிறகும் திண்ணையில் உட்கார்ந்தபடியே சம்பாதிப்பாள் என்று அர்த்தம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையநல்லூர், மேலப்பாளையம், வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று தாமிரபரணிக் கரையிலும் அதை ஒட்டிய மேட்டு நிலத்திலும் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்த வருமானத்தில்தான். மடியில் சொளவு என்கிற முறம், அதில் புகையிலைத் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்த இலை, கையில் கத்தரி. இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்ட வேண்டும். கைவேகம் உள்ளவர் விடியலில் தொடங்கி விளக்கு வைக்கும் வரை உட்கார்ந்தால்தான் ஆயிரம் பீடி தேறும். சமையலும் பிள்ளைகளும் இடையில் வந்தால் ஐந்நூறு, அறுநூறோடு நின்றுவிடும்.

கூலி எப்போதுமே குறைவு. கம்பெனிக் கடை தரும் இலை குறைந்தால் கைக்காசு போட்டு வெளியில் வாங்க வேண்டும். கடையில் செக்கர் கழித்துப் போடும் பீடிக்குக் காசில்லை. ஆனாலும் இந்த வேலைக்கு ஒரு மரியாதை இருந்தது, அதைச் சட்டம் கொடுத்தது. 1966இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடி மீது வசூலித்த தீர்வையிலிருந்து பிள்ளைகளுக்குப் படிப்புத் தொகை, வீடு கட்ட உதவி, மருந்தகங்கள், முக்கூடலில் ஒரு மருத்துவமனை என்று சில நல்ல காரியங்கள் நடந்தன. 1985இல் உச்ச நீதிமன்றம், வீட்டிலிருந்து சுற்றுகிற பெண்ணுக்கும் வருங்கால வைப்பு நிதி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஓலைக் குடிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் பெயர் மத்திய அரசின் பதிவேட்டில் ஏறியது. இந்த வட்டாரத்தின் வேலைச் சந்தையைப் பற்றிப் பேசும்போது, கூலித் தொகைக்கு முன்னால் இந்தப் பதிவைத்தான் நான் வைப்பேன்.

2020 மார்ச் 25ஆம் தேதி கொரோனாவால் நாடு பூட்டப்பட்டது. இலையும் தூளும் வரவில்லை. சுற்றி வைத்த பீடியை வாங்கக் கடை திறக்கவில்லை. வீட்டிலேயே இருங்கள் என்றது அரசு. காலமெல்லாம் வீட்டிலேயே இருந்து வேலை செய்த பெண்களுக்கு அன்றைக்கு வேலை இல்லாமல் போனது. அதே வாரங்களில் வீட்டு ஆண்களின் வருமானமும் நின்றது. நெல்லைச் சீமை ஆண்கள் மும்பைக்குப் போவது இன்று நேற்றல்ல, பல தலைமுறைப் பழக்கம். தாராவியில் நெல்லைத் தமிழ் கேட்காத தெரு குறைவு. கடையநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு அரிது. மே மாதம் மும்பையிலிருந்து கிடைத்த வண்டியில் ஏறி வந்தவர்கள் கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டு, பரிசோதனை முடிந்துதான் ஊருக்குள் விடப்பட்டார்கள். மே 7ஆம் தேதி தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் வளைகுடாக்காரர்கள் திரும்பினார்கள். பணம் அனுப்புகிற இடத்தில் இருந்தவர்கள் சாப்பிடுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு வருமானமும் ஒரே மாதத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர்கள் அன்று பார்த்தன.

தாங்கிப் பிடித்தது நூறு நாள் வேலை. 2020-21இல் இந்தியா முழுவதும் சுமார் 389 கோடி மனித நாட்கள் வேலை கொடுக்கப்பட்டது, அந்தத் திட்டத்தின் வரலாற்றிலேயே அதுதான் உச்சம். தமிழ்நாட்டில் அன்றைய கூலி நாளுக்கு 256 ரூபாய். குளத்தங்கரையில் மண்வெட்டியோடு நின்றவர்களில் சில மாதங்களுக்கு முன்னால் மும்பையில் இட்லிக் கடை நடத்தியவரும் துபாயில் ஏ.சி. பொருத்தியவரும் இருந்தார்கள்.

அதன்பின் நிலைமை சீரானது என்று புள்ளிவிவரம் சொல்கிறது. எந்த வேலையால் சீரானது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2017-18இல் கிராமப்புறத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் சேர்ந்து 24.6 சதவீதம். 2023-24இல் அது 47.6 சதவீதம். ஆறே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வேலை செய்யும் கிராமப் பெண்களில் நான்கில் மூன்று பங்கினர் "சுயவேலை" என்ற தலைப்பின் கீழ் வருகிறார்கள். வீட்டு வாசலில் இட்லி விற்பதும், ஆடு மேய்ப்பதும், கணவரின் பெட்டிக்கடையில் சம்பளமில்லாமல் உட்காருவதும் இதற்குள் அடக்கம். நாட்டின் மொத்தத் தொழிலாளர்களில் விவசாயத்தைச் சார்ந்தவர்களின் பங்கும் 2018-19இல் 42.5 சதவீதமாக இருந்தது, 2023-24இல் 46.1 சதவீதம் ஆனது. பல பத்தாண்டுகளாக வயலிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்த நாடு மறுபடி வயலுக்குத் திரும்பியிருக்கிறது. இதை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. கணவரின் பணம் நின்றது, குழுக்கடன் ஏறியது, வாரம் தவறாமல் வசூலுக்கு ஆள் வாசலில் வந்து நின்றார். கிடைத்ததைச் செய்தாக வேண்டிய நிலையில் ஒரு பெண் செய்த வேலையும் அந்தக் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்ந்திருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் கங்கைகொண்டான் முக்கியமாகிறது. நெல்லையிலிருந்து மதுரை சாலையில் வடக்கே, வானம் பார்த்த பூமியில் அமைந்த அந்த சிப்காட் வளாகம் நெடுங்காலம் பெயரளவில்தான் தொழிற்பேட்டையாக இருந்தது. 2022 ஜூலையில் டாடா பவர் நிறுவனம் அங்கே சூரிய மின்கலமும் தகடும் செய்யும் ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. காரணம் உலகச் சந்தையில் இருந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் சீனச் சரக்கு நின்றபோது, ஒரே நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் உறைத்தது. 2022 ஏப்ரல் முதல் இந்தியா இறக்குமதித் தகடுகளுக்கு 40 சதவீதமும் மின்கலங்களுக்கு 25 சதவீதமும் சுங்க வரி விதித்தது. அப்படி உருவான 4.3 கிகாவாட் ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்துவைத்தார். அதே பயணத்தில் விக்ரம் சோலார் ஆலைக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது.

டாடா ஆலையில் வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி பெண்கள், அதுவும் இளம்பெண்கள். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி அணிந்து, தூசி நுழையாத கூடத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். இவர்களில் பலருடைய அம்மாக்கள் புகையிலைத் தூளைச் சுவாசித்துக்கொண்டே முப்பது வருடம் குனிந்திருந்தவர்களாக இருக்கக்கூடும். மகள் நிமிர்ந்து நின்று மாதச் சம்பளம் வாங்குகிறாள். இது நல்ல காரியம், எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன். சென்னை ஜவுளிக்கடைகளுக்கும் திருப்பூருக்கும் கோவை நூற்பாலைகளுக்கும் பெண்பிள்ளைகளை அனுப்பிவைத்த மாவட்டம் இது. நூற்பாலைகளில் "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் மூன்று வருட உழைப்புக்குக் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை என்று ஏமாந்த பிள்ளைகள் தென்மாவட்டங்களில் ஏராளம். கடையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஒரு சட்டத் திருத்தம் வரவே 2021 ஆனது. அந்த நிலைமையிலிருந்து பார்த்தால், காலையில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டு இரவு அம்மா வீட்டிலேயே படுக்க முடிகிற வேலை பெரிய விஷயம்.

ஆனால் ஒரு ஆலை எத்தனை பேரை எடுத்தது என்பதோடு கணக்கு முடிவதில்லை. எத்தனை வருடம் வைத்துக்கொள்கிறது என்பதும் கணக்கு. கல்யாணத்துக்குப் பிறகு, குழந்தைக்குப் பிறகு, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு அந்தப் பெண் அதே கேட்டுக்குள் போகிறாளா? 26 வாரப் பேறுகால விடுப்பு 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் மூலம் எடுக்கப்படுகிறவருக்கு அது நடைமுறையில் கிடைக்கிறதா என்பதைத் தொழிலாளர் துறை ஒவ்வொரு சிப்காட்டிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிற பெண்ணுக்கு, எட்டு மணி நேரம் பன்னிரண்டாக நீண்டால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த மசோதா எந்தப் பெயரிலும் திரும்ப வரக்கூடாது.

நிலைத்த வேலை ஒரு ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் தண்ணீரின் வேகத்தை நம்பி நூற்பாலை தொடங்கினார்கள். விக்கிரமசிங்கபுரம் என்ற ஊர் அந்த ஆலையால் வளர்ந்தது. சங்கொலி கேட்டு எழுந்து, ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வுபெற்று, சொந்த வீட்டில் கண்ணை மூடிய தலைமுறைகள் அங்கே உண்டு.

அதே பகுதியின் மலைமேல் இதற்கு நேர் எதிரான கதை நடந்தது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துத் தேயிலை வைத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அட்டைக்கடியிலும் மழையிலும் நான்கு தலைமுறை அங்கே கொழுந்து பறித்தது. கூலி உயர்வு கேட்டு 1999 ஜூலை 23ஆம் தேதி நெல்லைக்கு ஊர்வலமாக வந்தபோது, தடியடிக்குப் பயந்து ஆற்றில் இறங்கிய 17 பேர் தாமிரபரணியில் இறந்தார்கள், ஒரு பச்சைக் குழந்தையும் அதில் ஒன்று. குத்தகை 2028இல் முடிய வேண்டியது. நிறுவனம் 2024லேயே தோட்டத்தை மூட முடிவெடுத்து, விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது. அரசுத் தேயிலைக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை, மறுவாழ்வுக்கு உத்தரவிட்டது. களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குக் காடு திரும்புவது சரிதான். ஆனால் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் எங்கே திரும்புவார்கள்? அவர்களுக்கு மலைக்குக் கீழே நிலம் கிடையாது. கொழுந்து பறிக்க மட்டுமே பழகிய கைகளுக்கு நாற்பத்தைந்து வயதில் அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைத்தாலும், அந்த வீட்டைச் சுற்றி வேலை இருக்க வேண்டும்.

இந்த நாற்பத்தைந்து வயதுதான் இன்றைய நெல்லையின் சிக்கல். இருபது வயதுப் பெண்ணுக்கு கங்கைகொண்டான் இருக்கிறது. படித்துக் கணினி தெரிந்த பிள்ளைக்கு, தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் இயங்கும் ஜோஹோ போல ஒன்றிரண்டு வாசல்கள் இருக்கின்றன. நாற்பத்தைந்து வயது பீடிப் பெண்ணை எடுக்க எந்த கேட்டும் இல்லை. கண் மங்கி, இடுப்பும் தோளும் பிடித்துக்கொண்டு, ஆயிரம் பீடி அறுநூறாகக் குறைந்த நிலையில் அவர் இருக்கிறார். கார், பிசானம் என்ற நெல் சாகுபடிகளுக்கு நடவுக்குப் போகலாம் என்றால், தமிழ்நாட்டில் பல இடங்களில் வங்காளத்திலிருந்து வரும் ஆண்கள் குழுவாக வந்து ஏக்கர் கணக்கில் நட்டு முடித்துவிடுகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று விவசாயி சொல்வதும், வேலை கிடைக்கவில்லை என்று இவர் சொல்வதும் ஒரே ஊரில் கேட்கும் இரண்டு உண்மைகள்.

பீடி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. குடிப்பவரின் நுரையீரலையும் சுற்றுபவரின் நுரையீரலையும் அது கெடுக்கிறது, போக வேண்டிய பொருள்தான். ஆனால் பொருளுக்கு முன்னால் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு போய்விட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 சதவீத வரி விழுந்தது, நலநிதிக்குப் போன தனித் தீர்வையோ ஒழிந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் கரைந்துவிட்டது. அறுபது வருடம் முன்பு, வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறவளும் தொழிலாளிதான் என்று எழுதிக் கொடுத்த தனிச்சட்டம் இனி இல்லை. தமிழக அரசு தன் விதிகளில் அந்த வாசகத்தைச் சந்தேகமே இல்லாதபடி திரும்ப எழுத வேண்டும். சிப்காட் ஆலைகளின் உணவுக்கூடம், குழந்தைகள் காப்பகம், சீருடைத் தையல் போன்ற வேலைகளில் வயது வரம்பில்லாமல் பீடிப் பெண்களுக்கும் மாஞ்சோலைப் பெண்களுக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே நிபந்தனை போடலாம். அரசு மனது வைத்தால் அடுத்த ஒப்பந்தத்திலேயே செய்யக்கூடியது இது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அம்மாவோ ஆச்சியோ அத்தையோ பீடி சுற்றியவராக இருந்தால், அவருடைய பி.எஃப். எண்ணை இந்த வாரமே தேடி எடுங்கள். பழைய பாஸ்புக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர், பிறந்த தேதியில் ஒரு குழப்பம் என்று இருந்தால், அந்த ஒரு எழுத்துக்காகவே சேமிப்பும் பென்ஷனும் ஆண்டுக்கணக்கில் நின்றுபோகும். குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய்தான், 2014 முதல் அது உயரவும் இல்லை. ஆனாலும் அது அவர் சுற்றிச் சம்பாதித்த காசு. கம்பெனிக் கடையிலும் நெல்லை பி.எஃப். அலுவலகத்திலும் அவரோடு கூடவே போய் நின்று, திருத்தம் முடியும் வரை விடாதீர்கள்.