செடியின் தாகம் பானைக்கு எப்படித் தெரிகிறது?

கொல்லையில் கத்தரிக்கு வாளியால் ஊற்றும் தண்ணீர் முழுவதும் வேருக்குப் போவதில்லை. மேல்மண் ஈரத்தை வெயில் குடித்துவிடும்; கொஞ்சம் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்.

ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, நீர் நிரப்பி, மூடிவைத்துப் பாருங்கள். காய்ந்த மண்ணின் இடுக்குகள் நீரை இழுக்கும். அந்த இழுப்பில், பானைச் சுவரின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வரும். சுற்றியுள்ள மண் நனைய நனைய இழுப்பு குறையும், கசிவும் தளரும். செடி ஈரத்தை உறிஞ்சியதும் மறுபடி கசியத் தொடங்கும். திறக்கவும் மூடவும் ஆள் வேண்டாம். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சீனாவில் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஜி எழுதிய வேளாண் நூலிலேயே, புதைத்த பானையைச் சுற்றி முலாம் வகைக் கொடிகள் வளர்க்கும் முறை உண்டு.

பானை தேர்வில்தான் கவனம் வேண்டும். பெயின்ட்டோ மெருகோ பூசியது உதவாது, துளைகள் அடைபட்டிருக்கும். நீர் ஊற்றிச் சிறிது நேரத்தில் வெளிப்புறம் வியர்க்க வேண்டும். உப்புநீர் ஊற்றினால் நாளடைவில் வெண்படலம் படிந்து துளைகள் அடையும்.

அறுவடைக்குப் பின் எங்கள் புடலைப் பானையைத் தோண்டி எடுத்தேன். அதன் வயிற்றைச் சுற்றிலும் வேர்கள் வலைபோலப் பின்னிக் கிடந்தன.